பகலில் பிள்ளை எங்கே இருக்கிறது

பெரியவளே, சின்னவளே, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் சின்னவள் காலேஜ் வேலைக்காக என் போனுக்கு ஒரு கேள்விப் படிவம் அனுப்பினாள். "ரெண்டு நிமிசந்தாம்ப்பா, தொட்டுத் தொட்டு அனுப்பி விட்ருங்க" என்றாள். நான் அனுப்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வேலையே செஞ்ச மனுசனுக்கு மகளுக்குன்னா மட்டும் கை வர மாட்டேங்குது" என்று பெரியவளிடம் சொல்லியிருக்கிறாள். செய்த மனுசன்தான். அதனால்தான் கை வரவில்லை. இதை வாயால் சொல்ல உட்கார்ந்தால் உங்கள் அம்மா நடுவில் வந்து பேச்சை மாற்றிவிடுவாள், எனக்கும் கோபம் வந்து வேறு எங்கேயாவது போய் நிற்பேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுகிற எழுத்து. முன்னே பின்னே இருந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் விருதுநகரில் ஒரு பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் வேகமாகத் தமிழ் அடிப்பேன் என்று கேள்விப்பட்டுத்தான் பாய் கூப்பிட்டுக்கொண்டார். அவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் வற்றல், பருப்பு யாவாரம். இவர் மட்டும் மண்டித் தெருவிலேயே ஒரு மாடியைப் பிடித்து, ஏழெட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே மெயில் பார்க்கிறவர்கள் தும்முவார்கள்.

உங்கள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்து ஆரன் அடிக்கும். திரும்பி வந்து இறங்கும்போது வீடுகளில் லைட்டுப் போட்டிருப்பார்கள். சின்னவள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். ஊரில் இருந்த அங்கன்வாடி பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்குப் பூட்டிவிடும். அதிலும் கைப்பிள்ளையை வாங்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் பெரியவர்கள் உயிரோடு இல்லை. ஆகவே பெரியவளே, உன்னை நிறுத்தினோம். மூன்றாம் வகுப்பில் அரைப்பரீட்சை எழுதிவிட்டு வந்த உன்னிடம், "தங்கச்சி கொஞ்சம் வளந்துக்கிடட்டும்" என்று உங்கள் அம்மா சொன்னாள். நீ ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கே இவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். உன் இடுப்புக்கு இவள் பெரிய சுமை. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாய்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு மேடம் பாயின் கடைக்கு வந்தார். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களின் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் தொடங்கப் போகிறார்களாம். வேன் புறப்படும் நேரத்துக்குத் திறந்து, வேன் திரும்பி வரும்வரை வைத்திருப்பார்களாம். பால், சோறு, தொட்டில், பார்த்துக்கொள்ள ஆயா, எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஓர் ஊருக்குத்தான். எந்த ஊரில் தேவை கூடுதல் என்பதை ஆன்லைன் சர்வே எடுத்துத்தான் முடிவு பண்ணுவார்கள்.

"ஏன் மேடம், பேப்பர்ல எழுதி வாங்குனா ஆகாதா?" என்று பாய் கேட்டார்.

"பேப்பர்ல எடுத்தா டீக்கடைல உக்காந்து ஒருத்தரே அம்பது பேருக்கு நிரப்பிடறாங்க சார். கம்ப்யூட்டர்ல அவங்கவங்களே அழுத்தினாத்தான் பணம் குடுக்கறவங்க நம்பறாங்க. வெளிநாட்டுல இருந்தே உடனுக்குடன் பார்த்துக்கலாம்."

"அப்ப நம்ம தம்பிகிட்ட விடுங்க. அவுக ஊரும் எம். புதுப்பட்டிப் பக்கந்தான். தமிழும் அடிப்பாரு, ஆளையும் கூட்டியாருவாரு."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். காப்பகம் நம் ஊருக்கு வந்துவிட்டால் சின்னவள் அங்கே, பெரியவள் பள்ளிக்கூடத்தில். என் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

சென்னையில் தயார் செய்த கேள்விகளை மேடம் கொடுத்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். நான் அவற்றை அப்படியே அடித்து ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயின் ஆம்னி வேனில் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு யூபிஎஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு போய், நம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வைத்தோம். நெட்டுக்கு டேட்டா கார்டு. அது ஜன்னல் கம்பியில் கட்டினால்தான் சிக்னல் எடுக்கும்.

மேடம் இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஒன்று, பதில் சொல்லும்போது பக்கத்தில் யாரும் நின்று திரையைப் பார்க்கக் கூடாது. எப்படி அழுத்துவது என்று காட்டிவிட்டு நான் விலகிவிட வேண்டும், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளை யாராவது வாசித்துக் காட்டலாம். இரண்டாவது, காப்பகம் வரப்போகிறது என்று மூச்சு விடக் கூடாது. "சொல்லிட்டா எல்லாரும் எங்களுக்கு வேணும்னுதான் அழுத்துவாங்க. அப்புறம் அது சர்வேயே இல்லை" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

முதலில் உட்கார்ந்தவர் நம் பக்கத்து வீட்டு மதினி. திரையில் பெயர் கேட்டது, சொன்னார், அவருக்குத் தமிழ் அடிக்கத் தெரியாததால் அதை மட்டும் நான் அடித்துக் கொடுத்தேன். கணவர் பெயர், சாதி, அடுத்து ரேசன் கார்டு நம்பர்.

"ரேசன் கார்டு நம்பரு எதுக்குக் கொழுந்தனாரே? சீனிய நிப்பாட்டவா?"

"அதெல்லாம் இல்ல மதினி. சும்மா ஒரு அடையாளத்துக்கு."

"அடையாளத்துக்குத்தான் மூஞ்சி இருக்கே. நல்லாப் பாத்துக்கிடுங்க." சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற நாலைந்து பெண்களும் அவரோடேயே போய்விட்டார்கள்.

அடுத்து ஒரு பெரியவர். திரியும் மருந்தும் பார்த்தே தலை நரைத்தவர். 'தங்களது பணியிடச் சூழல் குறித்த மனநிறைவின் அளவை ஒன்று முதல் ஏழுக்குள் குறிப்பிடுக' என்ற இடத்தில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏலே, ஏழுல எதை அமுக்குனா வேலை போகாது?"

ஒரு கல்யாணமாகாத பிள்ளை ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்திருக்கிறது. விட்ட இடம் சிவப்பு எழுத்தில் வந்து நின்றுவிட்டது. "அண்ணே, நான் ஒண்ணும் பண்ணல. அதுவாச் செவந்துக்கிருச்சு" என்று நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டது. கம்பெனியில் சிவப்பு எழுத்து என்றாலே அபாயம் என்று எழுதிய போர்டுதான். அதைத் தாண்டிக் கால் வைக்காதே என்று பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை செய்ததில் என்ன தப்பு இருக்கிறது. அதோடு கரண்டும் போனது. அந்த வருசம் போனால் வராது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அணைந்தது. பாதி நிரப்பியவர்களின் பதில் அத்தனையும் போயிற்று. "திரும்ப மொதல்ல இருந்தா?" என்று கேட்டுவிட்டு அவர்களும் போனார்கள். ஒருத்தர்கூட அன்றைக்கு முழுசாக முடிக்கவில்லை.

திங்கட்கிழமை மேடத்துக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் கெஞ்சினேன். பெயர் வேண்டாம், சாதி வேண்டாம், ரேசன் கார்டு வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாளில் பாதிக் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்புறம் பாய் கடையைப் பூட்டச் சொல்லும்வரை உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் பிரித்து மேய்ந்தேன்.

ஒரு திரைக்கு ஒரே கேள்வி என்று வைத்தேன். ஒவ்வொரு பதிலும் அழுத்தியவுடனே போய்ச் சேர்ந்துவிடுகிற மாதிரி செய்தேன், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிவப்பை எடுத்துவிட்டு நீலம் போட்டேன். மனநிறைவின் அளவு போய், 'வேலை பார்க்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா' என்று வந்தது. முதல் கேள்வியாக, 'உங்கள் வேன் சரியான நேரத்துக்கு வருகிறதா' என்பதை வைத்தேன். வேனைத் திட்டாத பெண் நம் ஊரில் கிடையாது. திட்ட ஆரம்பித்துவிட்டால் அப்படியே உட்கார்ந்து அடுத்ததுக்கும் பதில் சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எழுந்து போனவர்கள் எந்த இடத்தில் எழுந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவதற்கு ஒரு படம் வைக்கலாம் என்று தோன்றியது. பட்டாசுச் சரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் ஒரு வெடி எரிகிற மாதிரி செய்தேன். எனக்கு அதில் பெரிய பெருமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியைத்தான் முதலில் கெஞ்சிக் கூட்டி வந்தேன். சரம் எரிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கூறு இருக்கா ஒங்களுக்கு? விடிஞ்சா மருந்துக்குள்ள கைய வைக்கப் போறவ கண்ணுல நெருப்பக் காட்டுறீகளே. ஒங்க பொண்டாட்டியும் அங்கனதான வேலைக்கு வாரா?"

அப்போதே உட்கார்ந்து அதை அழித்தேன். காலியாக ஓர் அட்டைப் பெட்டியை வரைந்து, ஒரு கேள்விக்கு ஒரு பாக்கெட்டாக அதில் அடுக்குகிற மாதிரி மாற்றினேன். அது பிடித்துவிட்டது. "ஏட்டி, இன்னும் ரெண்டு பாக்கெட்டுத்தான். பெட்டி நெறஞ்சிரும், எந்திரிக்காத" என்று ஒருத்தியை ஒருத்தி பிடித்து உட்கார வைத்தார்கள். பெட்டி நிரம்பாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் உடம்பில் ஊறிய விஷயம்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விதான் அந்தச் சர்வேயின் உயிர். அதை மட்டும் மாற்றக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒப்பிட முடியுமாம். தமிழை மட்டும் கொஞ்சம் எளிமையாக்கிக்கொள்ளச் சொன்னார். 'ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உண்டா, என்ன வயது' என்று ஒன்று. 'பகலில் பிள்ளை எங்கே இருக்கிறது' என்று அடுத்தது. கீழே பள்ளி, அங்கன்வாடி, வீடு, வேறு இடம் என்று நாலு கட்டம். அத்தனை கேள்விகளிலும் இதுதான் லேசான கேள்வி என்று நினைத்தேன்.

மூன்று நாலு ஞாயிறு கூட்டம் நெரிந்தது. நான் மேடம் சொன்னபடி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து விரலை விட்டுப் போகாது, ஆகவே மவுஸ் இரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டன. "மவுசக் கொண்டு போயி ஈயம் பூசிக் கொண்டாந்திருக்கீரா தம்பி?" என்று பாய் கேட்டார். உங்கள் அம்மாவும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விறுவிறுவென்று அழுத்தினாள். பெட்டி நிறைந்ததும் வெளியே வந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

மேடம் போனில் கூப்பிட்டார். "ஆரம்பிச்சவங்க கிட்டத்தட்ட எல்லாருமே முடிச்சிருக்காங்க. வேற எந்த ஊர்லயும் இப்படி இல்லை. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். நான் வேன் கேள்வியைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் அதையெல்லாம் எழுதி மெயிலில் அனுப்பச் சொன்னார், மற்ற ஊர்க்காரர்களுக்குக் காட்டுவதற்கு. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காரச்சேவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரியவளே, உனக்கு ஞாபகம் இருக்காது. "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போயிரலாம்த்தா" என்று உன்னிடம் சொன்னேன். நீ சேவை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு, "அதே டீச்சராப்பா?" என்று கேட்டாய்.

சித்திரை முடியப்போகிற நேரத்தில் மேடம் மறுபடி கடைக்கு வந்தார். பாய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு வட்டத்தைக் காட்டினார். நம் ஊரின் பதில். வட்டம் முழுக்க ஒரே நிறம். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் வேறு நிறம்.

"பள்ளி. ஏறக்குறைய எல்லாருமே பகல்ல பிள்ளை பள்ளியிலதான்னு போட்டிருக்காங்க. உங்க ஏரியால ஸ்கூலுக்கு அனுப்பற விழிப்புணர்வு நல்லாவே இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அது அஞ்சு வயசுக்குக் கம்மியான பிள்ளைகளுக்கான கேள்வியாச்சே மேடம். ஒரு வயசு, ரெண்டு வயசுப் பிள்ளைக?"

"அதுவும் பள்ளின்னுதான் வந்துச்சு. ஒரு வயசுன்னு போட்டுட்டு அடுத்ததுல பள்ளின்னு போட்டா அது பொருந்தாத பதில். அப்படி வந்ததையெல்லாம் எடுத்துட்டோம். க்ளீன் பண்ணினதுக்கு அப்புறம் பார்த்தா உங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்க அனேகமா இல்லை."

பாய் டீ கிளாசைக் கீழே வைத்தார். "பிள்ளை இல்லாம ஒரு ஊரா? அதுவும் அவுக ஊரு. பஸ்ஸு நின்னா டயருக்கு அடியில இருந்துகூட ரெண்டு பிள்ளை எந்திரிச்சு வருமே மேடம்."

"நான் சொல்லலை சார். வந்த பதில் அப்படி."

"எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு மேடம்" என்றேன். அவர் கெட்ட மனுசி இல்லை. "ஒரு வீட்டை வச்சு எதுவும் பண்ண முடியாதுங்க. ரிப்போர்ட் மேல போயாச்சு" என்றார். இன்னொரு தடவை, அந்த ஒரு கேள்வியை மட்டும் வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். சர்வே முடித்தாகிவிட்டது, திறக்க முடியாது என்றார். பாதி டீயோடு எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் கேட்டேன். அவள் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சர்வேயில பிள்ளை பகல்ல எங்கனன்னு கேட்டதுக்கு நீ என்ன போட்ட?"

"பள்ளிக்கூடம்னு போட்டேன்."

"கைப்பிள்ளைக்கா?"

"பின்ன வேற என்னத்தப் போடச் சொல்றீக? வீட்லன்னு போட்டா, யாரு பாத்துக்கிடுறான்னு கேப்பாக. பெரியவன்னு சொன்னா, அவ ஏன் பள்ளிக்கூடம் போகலன்னு கேப்பாக. மறுநாள் ஜீப்பு வந்து வாசல்ல நிக்கும்."

"காப்பகம் வரப் போகுதுன்னு ஒங்கிட்டச் சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீக. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி சொல்லலையே. பெட்டி கேட்டது பிள்ளை எங்கனன்னுதான்."

"அது நான் செஞ்சதுதான?"

"நீங்க செஞ்சா? அதுல நான் அமுக்குறது யார் யாருகிட்டப் போகுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? வெளிநாட்டுல இருந்து பாப்பாகன்னு நீங்கதான சொன்னீக. வெளிநாட்டுல இருந்து பாக்குறவுக என்னத்துக்குப் பாப்பாக? இங்கன பிள்ளைகள வேலைக்கு விடுறாகளான்னுதான பாப்பாக?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள முடியவில்லை. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற கெடுபிடி வந்ததிலிருந்து, ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள், பேனா பிடித்தவர்கள், கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். போர்மேன் வேன் படியில் நின்றுகொண்டு, "யார் கேட்டாலும் பிள்ளைக பள்ளிக்கூடத்துல. மாத்திச் சொல்லி வம்புல மாட்டிவிட்றாதீக" என்று சொல்லித்தான் ஏற்றுவார். கேட்டுக் கேட்டு, நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தானாக வரும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் காட்டிக் கேட்டாலும் பள்ளிக்கூடம் என்றுதான் வரும். யாரும் யோசித்துப் பொய் சொல்லவில்லை. திரைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தாலும் என் விரலும் அங்கேதான் போயிருக்கும்.

நான் செய்து வைத்த படிவம் அதற்குத் தோதாக இருந்தது. தயங்குகிற இடத்தையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எழுந்து போனார்களே, அன்றைக்காவது அவர்கள் பயம் கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டி நிறைகிற அவசரத்தில் அதுவும் தெரியாமல் போய்விட்டது. முடித்தார்கள், முடித்தார்கள் என்று நானும் குதித்தேன். என்ன சொல்லி முடித்தார்கள் என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

காப்பகம் சாத்தூர் பக்கம், அச்சங்குளத்துக்குப் போனது. போகட்டும், அங்கேயும் பிள்ளைகள்தான். அங்கே மட்டும் எப்படிச் சரியான பதில் வந்தது என்று பாய் மேடத்திடம் போனில் கேட்டார். அங்கே கம்ப்யூட்டர் கொண்டு போகவே இல்லையாம். சிக்னல் கிடைக்கவில்லை. ஒரு டீச்சரம்மாவை விட்டு, மத்தியான நேரத்தில் தெருத் தெருவாக நடந்து, வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்து எண்ணச் சொன்னார்களாம். பாய் போனை வைத்துவிட்டு இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "விடும் தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த நிறுவனம் பிறகு இன்னொரு சர்வேக்கு என்னைக் கேட்டது. என் மெயிலை அவர்கள் மற்ற ஊர்களில் பாடமாகவே வைத்திருக்கிறார்களாம். மாட்டேன் என்றுவிட்டேன். பாய் வற்புறுத்தவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பெரியவளே, நீ எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். சின்னவள் நடந்து திரிந்து, தானாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் உன்னைத் திரும்பச் சேர்த்தோம். உன்னோடு படித்தவர்கள் மேலே போயிருந்தார்கள். நீ மட்டும் உயரமாக, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். எட்டாவதோடு, "எனக்குப் படிப்பு ஏறல" என்று நீயே சொல்லிக்கொண்டு நின்றாய். இன்றைக்கு டைரிக் கம்பெனியில் பைண்டிங்கில் நிற்கிறாய். படிப்பு ஏறாமல் இல்லை. ஏற வேண்டிய நாளில் உன் இடுப்பில் வேறு ஒன்று ஏறியிருந்தது. சின்னவளே, இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. நீ அப்போது பேசக்கூடப் பழகவில்லை. ஆனால் நாளைக்கு நீயும் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் கேள்வி கேட்கிற படிப்புத்தான் படிக்கிறாய். எல்லாரும் சிரித்துக்கொண்டே நிரப்பித் தந்தார்கள் என்று நீ என்றைக்காவது வந்து சொன்னால், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதற்காகத்தான் எழுதினேன்.

இன்னும் ஒன்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

பாய் போனில் கேட்டுச் சொன்னாரே, அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வயிற்று வலி என்று சொல்லி மத்தியானமே கடையிலிருந்து கிளம்பினேன். நம் ஊரில் பஸ் இறங்கும்போது வெயில் நடு உச்சியில் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்ட தெரு. வேலை நாளில் அந்த நேரத்தில் நம் ஊரை நான் பார்த்ததே இல்லை. தெருக்கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டில் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் தன்னைவிடச் சின்னதுக்குக் கிண்ணத்தில் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மதினி வீட்டில் மூன்று பேர் தரையில் தூங்கினார்கள், நடுவில் கிடந்தது பால் குடிக்கிற பிள்ளை. எனக்கு எழுதி வைக்கத் தாள் இல்லை. எழுதவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வீடு விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். கை நிறைந்ததும் பிரித்து, மறுபடியும் முதல் விரலிலிருந்து தொடங்கினேன்.

நம் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே, பெரியவளே, நீ சின்னவளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. வெயிலில் அங்கேயே நின்று, நம் வீட்டுக்கும் இரண்டு விரலை மடக்கினேன்.